ஓரம்

கோத்தன்பர்க் நகரக் காப்பகத்தின் அடித்தளத்தில்
மூடிப்போன செய்தித்தாள் ஒன்றின்
நாற்பதாயிரம் படங்கள்.
பாதிக்குத் தேதி இல்லை. எதற்கும் பெயர் இல்லை.
ஒவ்வொன்றுக்கும் நாலைந்து சொல் எழுதுவது என் வேலை:
மேயர். ரிப்பன். கத்தரிக்கோல். மழை.
பதினோரு வருடமாக எழுதுகிறேன்.
மேயர் என்று தேடினால் இப்போது
அறுநூறு மேயர்கள் வந்து நிற்கிறார்கள்,
யார் எவரென்று தெரியாமல்.

போன அக்டோபரில் பல்கலைக்கழகத்திலிருந்து
டூவா ஹல்லென்கிரென் ஒரு கருவியோடு வந்தாள்.
திரைக்கு அடியில் விரல்நீளக் கறுப்புப் பட்டை.
நமக்குத் தெரியாத ஒளியொன்று கருவிழியில் பட்டுத்
திரும்பும் கோணத்தை எண்ணிக்கொண்டே இருக்கும்.
"எதுவும் எழுத வேண்டாம்" என்றாள்,
"பார்த்தால் போதும்.
கண் நின்ற இடத்தை வைத்தே
படங்களை இனம் பிரித்துவிடும்."
எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

பார்ப்பதற்குக் கூலி என்று விளம்பரம் கொடுத்தோம்.
ஒரு மாணவி முகங்களையே பார்த்தாள்.
ஒரு தையற்காரர் பொத்தான்களை.
சாப்பிடாமல் வந்த ஒருவன்
ஊர்வலத்தைத் தாண்டிப் போய்
ரொட்டிக்கடைப் பலகையில் நின்றான்.
கண் போன போக்கெல்லாம்
சிவப்புப் புள்ளியாய்த் திரையில் விழுந்தது,
தங்கிய இடத்தில் தடித்து,
தாவிய இடத்தில் பூச்சிக்கால் போல இழுபட்டு.

பதினேழாவதாக பொர்யே விக்ஸ்த்ரெம்.
முப்பத்துமூன்று வருடம் டிராம் ஓட்டியவர்.

கல்யாணப் படம்.
மணமக்களைத் தொடவே இல்லை அவர் கண்.
இடது ஓரம். வலது ஓரம்.
நிறுத்திய இரண்டு கார்களுக்கு நடுவே இருட்டு.
பாதி திறந்த கதவு, அதன் கீழ்ப்பகுதி.
மறுபடி இடது ஓரம்.

கருவி பிசகிவிட்டதென்று டூவா
ஐந்து புள்ளிகளைக் காட்டி அளவு சரிசெய்தாள்.
இரண்டாம் முறை. மூன்றாம் முறை.
புள்ளிகளைச் சொன்னபடி பார்த்தார், ஒரு தப்பில்லை.
படம் வந்ததும் ஓரத்துக்கு ஓடினார்.
"மன்னிக்கணும்" என்றார்.
"நடுவில் இருப்பது எப்படியும் அங்கேயேதான் இருக்கும்."

கடைக்கண்ணை ஊரெல்லாம்
காதலுக்கே எழுதிக்கொடுத்துவிட்டது.
இவருக்கு அது பிரேக்.

ஐந்தாம் நாள் காலை
கணினி குவியல்கள் கட்டி வைத்திருந்தது.
முகம், துணி, தின்பண்டம் என்று
மற்றவற்றுக்குப் பெயர் சொல்லிவிடலாம்.
அவருடைய குவியலில்
ஈரச்சாலையில் தனியாக ஒரு பந்து.
பரிசளிப்பு விழாவின் இடக்கோடியில் அரைச் செருப்பு.
நாம் காணாத எதையோ பார்க்கும் நாய்.
வேலிச் செடியில் ஓர் ஆள் நுழையும் சந்து.

பெயரிடவும் என்று காலிப்பெட்டி மினுங்கியது.
குழந்தைகள் என்று எழுதினேன்.
பல படங்களில் குழந்தையே இல்லை. அழித்தேன்.
ஆபத்து என்று எழுதினேன்.
எதிலும் எதுவும் நடக்கவில்லையே. அழித்தேன்.

அவரிடமே கேட்டேன்.
"எண்பத்தாறு மார்ச், பள்ளிக்கூடத் திருப்பம்" என்றார்.
"ஒன்றும் நடக்கவில்லை.
பந்து வந்தது. பின்னால் யாரும் வரவில்லை.
மணியடித்துக்கொண்டே ஏழு நிமிடம் நின்றேன்.
உள்ளே இருந்தவர்கள் திட்டினார்கள்."
காப்பியில் மூன்றாவது சர்க்கரைக் கட்டியைப் போட்டார்.
கூலிச்சீட்டில் கையெழுத்திட்டுப் போனார்.

அறிக்கையில் பதினேழாம் நபரை நீக்கிவிட்டார்கள்:
சராசரியோடு பொருந்தவில்லையாம்.
டூவா வருத்தத்தோடுதான் சொன்னாள்.
குவியலை நான் அழிக்கவில்லை.
பெட்டி இன்னும் காலி.

நேற்று அதற்குள் என் மேயர்களில் ஒருவரைக் கண்டேன்.
ரிப்பன், கத்தரிக்கோல், நனைந்த தொப்பி.
அவர் காலடியில்
வெயில் அடித்த நிழல் கறுப்பாய்க் கிடந்தது.
வலது ஓரத்துக்குப் போனேன்.
வேலிமேல் ஒரு கால், தரையில் ஒரு கால்,
தண்ணீர்க் குழாயின் வாயைக்
கட்டைவிரலால் அடைத்தபடி ஒரு பயல்.

பதினோரு வருடமாக
நான் மழை என்று எழுதி வைத்திருந்தது
அவனைத்தான்.